அரைப்பேர்

கோத்தகிரியில் மழை விட்டுவிட்டுப் பெய்த வாரம்.
பழைய கொழுந்து நிறுவைக் கூடம்
இப்போது அருங்காட்சியகம், நுழைவு பத்து ரூபாய்.
காப்பாளர் போஜன் சீட்டுக் கிழிக்கும் மேசையில்
எனக்கும் ஓர் ஓரம் ஒதுக்கினார்.

வருகிறவர் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவேன்.
நாடித்துடிப்பு, தோலின் ஈரம்,
எந்தப் பொருளின் முன் எத்தனை நொடி,
எல்லாம் என் மடிக்கணினிக்கு வந்துவிடும்.
போகும்போது ஒரு படிவம்:
பார்த்ததில் நெகிழ்ந்தீர்களா?
ஒன்றிலிருந்து ஏழுக்குள் வட்டமிடுக.
பெயர் எழுத வேண்டாம்.

ஆறு நாளில் தெரிந்துகொண்டது:
ஒருவர் ஒரு பொருளின் முன் நிற்பது
சராசரியாக ஒன்பது நொடி.
தேனிலவுக்கு வந்தவர்கள் பொருளைப் பார்ப்பதில்லை,
கண்ணாடிப் பெட்டியில் தெரியும் தங்களைப் பார்க்கிறார்கள்.
(துடிப்பு கூடுகிறது. அதைக் கழித்துவிட வேண்டும்.)
ஆக உயர்ந்த துடிப்பு
செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு,
பதினேழு பேருக்கும் ஒரே கணத்தில்.
பேராசிரியருக்கு உடனே எழுதினேன்.
பிறகுதான் போஜன் சொன்னார்,
சன்னலுக்கு வெளியே காட்டுமாடு வந்து நின்றதாம்.

வியாழன், நாற்பத்து மூன்றாம் எண்.
சோலூர்மட்டம் பஸ்ஸுக்கு நேரமிருக்கு,
மழைக்கு ஒதுங்கினேன் என்றார்.
பதினேழு வயதில் தலைமன்னாரில் கப்பலேறியவர்.
பட்டையின் கடைசித் துளைக்கும் அடங்காத மணிக்கட்டு;
நூல் சுற்றிக் கட்டினேன்.

தோடர் சால்வையைக் கடந்தார்.
துரையின் குதிரைச் சேணத்தைக் கடந்தார், திரும்பவில்லை.
தொங்கு தராசின் முன் நின்றார்.

ஒன்பது நொடி.
தொண்ணூறு நொடி.
நான்காம் நிமிடம், கருவி பழுதென்று நினைத்தேன்.
பத்தொன்பது நிமிடம்.
துடிப்பு எழுபத்திரண்டு,
அடிகோல் வைத்து இழுத்த கோடு.

அருகில் போனேன். போகக் கூடாது, விதி.
விளக்கப் பலகையை வாசிக்கச் சொன்னார்:
‘தொழிலாளர் பறித்த கொழுந்தை எடையிட உதவிய கருவி.’
“உதவுச்சாம்” என்றார்.

“கூடைக்கு ரெண்டு கிலோ கழிப்பான், ஈரத்துக்கு மூணு.
வெயில் காஞ்ச அன்னைக்கும் ஈரத்துக்கு மூணு.
பதினாறு நிறுத்தாத்தான் ஒரு பேரு.
முள்ளு பதினஞ்சே முக்கால்ல நிக்கும்.
அரைப்பேரு.”

பேரா, என்றேன்.

“ஒரு நாள் கூலிக்கு ஒரு பேரு.
அக்காவும் நானும் சேந்து ஒரே ஆளா
வீட்டுக்குப் போன நாளெல்லாம் உண்டு.”

பட்டையை அவரே கழற்றினார்.
‘தொடாதீர்கள்’ பலகைக்கு மேலாகக் கை நீட்டி
தராசின் கொக்கியில் மாட்டினார்.
போஜன் எழுந்தார்,
பிறகு உட்கார்ந்து சீட்டுக் கட்டை எண்ணத் தொடங்கினார்.
முள் அசையவில்லை.
“பாத்தியா, இன்னும் திருந்தல.”
என் திரையில் அந்த இடத்தில்
நாற்பத்து மூன்றாம் எண்ணுக்குத் துடிப்பு பூஜ்யம்.

படிவத்தில் ஒன்று முதல் ஏழு வரை விரலால் நடந்து பார்த்தார்.
நெகிழ்ச்சியெல்லாம் இல்லம்மா,
இவ்வளவு நேரம் கணக்குப் பாத்துக்கிட்டிருந்தேன்.
எட்டாயிரத்துச் சொச்சம் கிலோ வருது,
உத்தேசமாத்தான்.
பேரு எங்க எழுதுறது?

வேண்டாம், உங்கள் பாதுகாப்புக்காகத்தான், என்றேன்.
தராசைப் பார்த்த அதே பார்வையில்
என்னைப் பார்த்தார்.
பஸ் ஹாரன் அடித்தது.

‘விலகல் மதிப்பு, நீக்கிவிடலாம்’
என்று பேராசிரியர் பதில் போட்டார்.
காட்டுமாட்டை நீக்கினேன்.
அந்த வரிசையை விட்டுவைத்தேன்,
பெயருக்குரிய கட்டமே இல்லாத வரிசையை.

மறுநாள் காலை போஜன்
விளக்கப் பலகையைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.
‘உதவிய’ என்ற சொல்லின் மேல் கட்டைவிரல்.
வேற என்ன சொல் போடலாம், படிச்சவங்க சொல்லுங்க என்றார்.
இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.
குடையை மடக்கிக்கொண்டு யாரோ உள்ளே வந்தார்கள்.