பின்னட்டையின் பறவை

முட்டம் துறைமுகத்து ஐஸ் பிளான்டில்
பற்று எழுதுகிறவள் நான்.
ஒருநாள் பேரேட்டின் கடைசியில்
ஒரு கோளை உண்டாக்கினேன்.
இடம் அங்கேதான் மிச்சமிருந்தது.
பெயரும் அதுவே ஆயிற்று: பின்னட்டை.

மூன்று நிலா அதற்கு.
பகலொன்றுக்கு ஒன்பது ஏற்றம், ஒன்பது வற்றம்.
மணவாளக்குறிச்சி மணல்போல் கறுத்த கரை,
ஆனால் அள்ளிப்போக லாரி வராத கரை.
கடலுக்கு நெய்மீன் முதுகின் நிறம்.

அந்தக் கரையில் நிற்க ஒரு பறவை வேண்டியிருந்தது.
உயரம் என் இடுப்பு மட்டம்.
அலகு, ஐஸ் குத்தும் கம்பி,
நுனியில் மட்டும் ஒரு வளைவு.
கண் நான்கு;
இரண்டு காற்றுக்கு, இரண்டு தண்ணீருக்கு.
நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறதென்று
காலாலேயே அறிந்துகொள்ளும்.
அதனால் நீவாடன்.

பாக்கி தீர்க்க வந்த எரோணிமூஸ் எட்டிப் பார்த்தார்.
"எண்ணெய்ப் பை எங்க பிள்ளே?
முங்கி எழும்பினா எறகு நனைஞ்சு
தாந்து போவும்லா."
வாலடியில் ஒரு பை வரைந்தேன்.
வின்ச்சில் விரல் போன ரெமிஜியூஸ்
காலுக்கு மூணு விரல் போதும் என்றான்.
போதும்தான்.
டீசல் அளக்கிற கிளாரட் கேட்டான்,
"ஒம்பது ஏத்தம்னா கூடு எங்க கெட்டும்?"
எனக்கு அது தோன்றவே இல்லை.
இரண்டு நாள் யோசித்து
முட்டையை முதுகில் சுமக்க விட்டேன்.
ஆணும் பெண்ணும் முறைவைத்து
பாறைக்குப் பாறை,
கைமாறும் என்று எழுதி, அடித்து,
முதுகு மாறும் என்று திருத்தினேன்.

ஏலம் கூறுகிற டெல்பின்
கண்ணாடியைப் புடவையில் துடைத்துவிட்டு
முழுதும் வாசித்தாள்.
"ஒரு நாளைக்கு எத்தன மீன் தின்னும்?"
வேண்டுமட்டும். கடல் நிறைய மீன், என்றேன்.
"எப்பவுமா?"
எப்பவும்.
"பின்ன எதுக்குப் பறக்குது?"
பதிலுக்கு நிற்கவில்லை அவள்.
வெளியே சாளைக்கு
விலை கூறத் தொடங்கியிருந்தது அவள் குரல்.

ஜூன் பிறந்தது. தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் விலாவோடு விலா உரசிக்கொண்டு
கட்டில் கிடந்தன.
அமோனியா வாசனைகூட மெலிந்துபோயிற்று.
புதுப்பற்று எழுத ஆளில்லாமல்
பழைய பற்றையே கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்.
எத்தனை முறை கூட்டினாலும்
அதே தொகை.

அன்று மூன்று நிலாவையும்
ஒரே நேர்கோட்டில் நிறுத்தினேன்.
பின்னட்டையின் கடல்
கண்ணுக்கெட்டாத் தொலைவுக்கு வற்றிப்போனது.
மீனும் அதோடு.
அறுபத்தொரு நாள் என்று குறித்தேன்.

முதல் நாள் நீவாடன்
காலை மணலில் ஊன்றி இழுப்பைத் தேடியது.
மூன்றாம் நாள்
தண்ணீர்க் கண் இரண்டையும் மூடிக்கொண்டது.
ஏழாம் நாள்
முட்டையைப் பெண்ணின் முதுகுக்கு மாற்றிவிட்டு
கடல் போன திசையைப் பார்த்தது.
அதுவரை அது கடலைப் பார்த்ததில்லை;
பார்க்கும் தேவையை நான் வைக்கவில்லை.
பிறகு எழும்பியது.
அந்த வரியை எழுதிய நினைவு எனக்கில்லை.
கையெழுத்து என்னுடையதுதான்.

கவிழ்த்திப் போட்ட மீன்பெட்டியில்
ஓர் ஆலா உட்கார்ந்திருந்த மதியம்,
ஏலமில்லாத டெல்பின் வந்தாள்.
"தின்னுச்சா?"
இன்னும் இல்ல. நாப்பத்திரண்டாம் நாள்.
எண்ணெய் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.
"பெண்ணு?"
கரையில நிக்குது, முட்டையோட.
கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.
மின்விசிறி மட்டும் ஓடியது.
"அதுக்கும் பசிக்கும்லா" என்றாள்,
"அதப்பத்தியும் ரெண்டு வரி எழுது."

அட்டையில் இடமில்லை.
எழுதாத ஐஸ் பில் ஒன்றைக் கிழித்துத்
திருப்பி வைத்தேன்.