துவைத்தாயிற்று

ஒரு பக்கத்துக்குப் பதினொரு ரூபாய்.
கிறுக்கல் அதிகமென்றால் பதினான்கு.
காவேரிப்பட்டினம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்,
சன்னலைச் சாத்தினாலும்
மாங்கூழ் ஆலையின் புளித்த வாடை ஏறிவரும் மாடியறையில்,
ஆயிரத்து எழுநூற்று அறுபத்தொன்றாம் வருஷத்துக்
கனெக்டிகட் குளிரைத் தட்டச்சு செய்கிறேன்.

நாட்குறிப்பு எழுதியவள் பெயர் பேஷன்ஸ்.
பொறுமை.
இப்படியுமா பெயர் வைப்பார்கள் என்று சிரிக்கப்போய்
அடக்கிக்கொண்டேன்.
என்னோடு படித்தவள் பெயர் போதும்பொண்ணு.

'எட்டாம் தேதி. மைக்கூடும் உறைந்துவிட்டது.
சோப்பு காய்ச்சியாயிற்று.'

ஒரு வருஷத்துச் சோப்புக்கு
பீப்பாய் பீப்பாயாய் அடுப்புச் சாம்பல்,
பன்றிக் கொழுப்பு, கண் எரிய மூன்று நாள்.
நான் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறேன்.
அந்தப் பல்லில் பழுப்புக் கோடு,
பிறந்த ஊரான பென்னாகரத்து ஆழ்குழாய்த் தண்ணீர்
போட்டனுப்பிய கையெழுத்து.
அவளுக்குக் கொல்லையிலேயே கிணறு.
எனக்கு நாலு நாளைக்கொருதரம்,
அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு.
முதல் வாரம் முழுக்க இப்படித்தான்
அவளுக்கொன்று எனக்கொன்று என்று
புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன்.

'ஜோனதன் விடியுமுன் இறந்தான். வடக்குக் காற்று.'
இந்த வரியோடு
புள்ளி போடுவதை விட்டேன்.

நாற்பதாம் பக்கத்தில்தான் உறைத்தது.
துவைத்தாயிற்று. ரொட்டி சுட்டாயிற்று.
ஆளி நூற்றாயிற்று.
அவள் இங்கிலீஷில் எழுதியதை
மனசு தமிழில்தானே படிக்கிறது.
துவைத்தேன் என்றால் நான், துவைத்தாள் என்றால் அவள்,
நம் வினைச்சொல்லுக்கு வாலில் ஆள் உண்டு.
ஆயிற்று மட்டும்
வாலைப் போட்டுவிட்டு ஓடிய பல்லி.

அதே திங்கட்கிழமை
'தலைவலி, நாள் முழுக்கப் படுக்கை' என்றும் எழுதியிருக்கிறாள்.
அப்புறம் யார் துவைத்தது?

அறுபத்துமூன்றாம் பக்கம். புருஷன் செத்தபின் எடுத்த சொத்துப் பட்டியல்:
கறவைப் பசு ஒன்று.
இரும்புச் சட்டி இரண்டு, ஒன்று விரிசல்.
டைனா, வயது பதினாறு.
நீல மெட்ராஸ் துணி, நாலு கெஜம்.

பசுவைவிட டைனாவுக்கு விலை அதிகம்.
துணிக்கும் விலை போட்டிருந்தது.
எந்த ஊர்த் தறி, எவர் கை என்று இல்லை.
நெய்தாயிற்று, கப்பல் ஏறியாயிற்று.

குறிப்புக் கட்டத்தில்
'துவைத்தவள் டைனாவாக இருக்கலாம்' என்று அடித்து
அனுப்பிவிட்டேன்.
ஓசூர் ஆபீஸிலிருந்து லிங்கப்பா சார் திருப்பியனுப்பினார்:
மூலத்தில் இல்லாததைச் சேர்க்க வேண்டாம் மேடம்,
இந்தப் பக்கத்துக்குப் பணம் நிற்கும்.
கீழே கைகூப்பும் பொம்மை ஒன்று.

எடுத்துவிட்டேன்.
பதினொரு ரூபாய், பெரிதில்லைதான், ஆனாலும் எடுத்துவிட்டேன்.
பக்கத்தின் அடியில் தானாக விழுந்தது
தட்டச்சு: ஆபரேட்டர் 114.

சிப்காட்டில் நைட் ஷிப்ட் போயிருக்கும் வீட்டுக்காரர்
போனில் கேட்கிறார்: சாப்பாடு ஆச்சா?
ஆச்சு.
பாத்திரம்?
அதுவும் ஆச்சு.

போனை வைத்தபின் கணக்கு நோட்டைப் பிரித்தேன்.
பால் 640. கேபிள் 250. வேலை 900.
போன மாசமும் வேலை 900.
அதற்கு முந்தின மாசம் வேலை 850,
ஒரு நாள் வராததற்குப் பிடித்தது.
தினம் ஆறரைக்கு வந்து
சட்டி அடியில் என் தீய்ந்த பருப்பைச் சுரண்டுகிறவளை
அக்கா என்றே கூப்பிட்டு மூன்று வருஷம்.
முனியம்மாவா, முனிரத்தினமா,
முனி என்ற வரைக்கும் நிச்சயம்.

வேலை என்ற சொல்லுக்கு முன்னால்
ஒரு பெயர் எழுதுமளவு இடம் இருந்தது.
மேசையில் பேனா இல்லை, கீபோர்டுதான்.
எழுந்து தேடுவதற்குள்
பின்கட்டில் சீறல்.
மணி ரெண்டு.
குழாய் எப்போதும் முதலில்
காற்றைத்தான் துப்பும்.