அட்டவணையில் இல்லாதது

வக்கீல் அடித்துக் கொடுத்த பட்டியலில்
துணி துவைக்கும் மெஷின் அவருக்கு.
தையல் மெஷினும் வெண்கல உருளியும் எனக்கு.
சேகோ பனை இல்லை.
பதினேழு வருடம் கேட்டருகே
முள்ளும் தானுமாக நின்றதை
யாரும் சொத்தென்று நினைக்கவில்லை.

பேரில்தான் பனை. பனை இனமே இல்லை.
அதைப் போய் யாரிடம் சொல்ல,
எனக்கும் பேர் மாற இன்னும் மூன்று படிவம் பாக்கி.

ஆகஸ்ட் கடைசி, சாட்ஸ்வொர்த்.
குருத்து அசையும் முன் எடுத்துவிட வேண்டும்.
ஓலை எல்லாவற்றையும் வெட்டினேன்.
கையுறையைத் தாண்டி முழங்கை வரை கீறல்.
மொட்டைத் தலையாய் அது நிற்க
துலானி சுற்றிலும் தோண்டினான்.
"இது மரமில்லை, கல்" என்றான்.
அடியில் ஒட்டிய குட்டிகள் ஒன்பது.
நெம்பினால் பல் விழுவதுபோல் கழன்றன.
வெட்டுவாயில் சாம்பல் தடவினோம்.
காயம் உலர ஒரு வாரம் வேண்டும்,
ஈரத்தோடு மண்ணில் வைத்தால் அழுகும்.
ஒரு வாரம் இல்லை என்னிடம்.
சாவியைத் திங்கட்கிழமை கொடுக்கணும்.

மரியன்ஹில் சுங்கச்சாவடிக்கு முன்னால்
பேக்கியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
தார்ப்பாயைத் தூக்கி டார்ச் அடித்தவர்
சட்டையில் சின்னப்பன் என்று இருந்தது.
காட்டில் திருடிய சைக்காடுகள் இந்த வழியாகத்தான் போகுமாம்.
ஒன்று ஒரு கார் விலையாம்.
"இந்த நாட்டுச் செடியா, வெளிநாடா?"
"வெளிநாடு சார். ஜப்பான் பக்கம்."
"எத்தனை வருஷமா இங்க இருக்கு?"
"நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்தது."
"பேப்பர்?"
"வெளிநாட்டுக்குப் பேப்பர் வேண்டாம் சார்.
இந்த மண்ணில் பிறந்ததுக்குத்தான் வேணும்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு
மூன்று பேருமே கொஞ்சம் நின்றோம்.
லாரிகள் போயின.
"எங்கப்பாகிட்டயும் கேட்டாங்க" என்று
துலானிதான் முதலில் சிரித்தான்.

சின்னப்பன் கைபேசியில் படம் படமாகத் தள்ளினார்.
எந்தப் படமும் இதைப்போல் இல்லை.
பட்டியலில் இல்லை, போகலாம் என்றார்.
போகவிடவில்லை.
ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு
தெரிந்த நாலு தமிழில் கேட்டார்:
"எங்க வீட்லயும் ஒண்ணு. மஞ்சளாப் போவுது."

ஓலைக்கு அடியில் வெள்ளையாக, மாவு தூவினதுபோல்?
ஆமாம்.
செதில்பூச்சி. அந்த ஓலைகளை வெட்டி எரியுங்கள்,
குப்பையில் போட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகும்.
எண்ணெய் கலந்து தெளியுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு.
தண்ணீரைக் குறையுங்கள். பாசத்தில்தான் பாதி சாகுது.
நாய் இருக்கிறதா? அப்படியானால் விதையைப் பொறுக்கிவிடுங்கள்.
அபராதச் சீட்டின் பின்பக்கத்தில்
ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

ஒரு குட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.
லஞ்சம் இல்லையே என்றார்.
வேரே இல்லாதது எப்படி சார் லஞ்சமாகும்?

மாரிட்ஸ்பர்க், நார்த்டேல்.
ஒன்றரை அறை, பின்னால் ஒரு சிமெண்டுத் துண்டு,
அதன் விளிம்பில் மணலும் சரளையும் கொட்டி நட்டேன்.
கழுத்து வரை புதைக்கவில்லை.
ஜூலையில் உறைபனி. கோணிச் சாக்கு போர்த்தினேன்.
பதினோரு மாதம். ஓர் ஊசிகூட வரவில்லை.
வீட்டுக்காரம்மா அதன்மேல் துடைப்பத்தைச் சாய்த்து வைக்கிறார்.
ஞாயிறுதோறும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன்.
அமுங்கினால் செத்தது என்று அர்த்தம்.

நேற்று சின்னப்பனிடமிருந்து படம்:
எண்ணெய் டின்னில் குட்டி,
உச்சியில் மூன்று ஓலை, இன்னும் சுருள் பிரியாமல்.
உங்களுடையது எப்படி என்று கேட்டிருந்தார்.

எழுந்து போய் அழுத்திப் பார்த்துவிட்டு வந்து
பதில் அடித்தேன்:
கெட்டியா இருக்கு.