நான்காம் பதிவு

ஒரு பாட்டுக்கு ஏழு டாலர்.
பின்குரலுக்கு அவ்வளவுதான் என்று
மிஸ்டர் நெம்பார்ட் முதலிலேயே சொல்லிவிடுவார்.
ஞாயிறு பாப்டிஸ்ட் சபையில் இயேசுவுக்கு,
செவ்வாயும் வியாழனும் ஆரஞ்சுத் தெருவில் ஜாவுக்கு.
தொண்டை ஒன்றுதான்.
சங்கீதமும் ஒன்றுதான்,
எந்தப் பக்கம் திறந்தாலும்
யாரோ ஒரு கூட்டம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறது.

ஒபதியா மலையிலிருந்து இறங்கி வருவான்.
தோளில் ஃபண்டே முரசு,
கையில் தூக்குச்சட்டி நிறையப் பூசணிக்காயும் தேங்காய்ப்பாலும்,
ஒரு கல் உப்பு கிடையாது.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பவள் நான்.
சாப்பிட்டேன். பசி.

"நானும் நானும் சாப்பிடலாம்" என்பான்.
அவர்கள் பேச்சில் 'நீ' இல்லை.
எதிரே நிற்பவளும் நான்.
"அப்படியானால் கூலி ஓர் ஆளுக்கா, இரண்டு ஆளுக்கா?"
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நெம்பார்ட் கேட்டார்.
வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே நல்ல நகைச்சுவை.

பெண்கள் தலையை மூட வேண்டும்,
ஜாவின் பெயரைப் பாடும்போதாவது,
என்று ஒருநாள் அவன் சொன்னபோது
எதிரே நிற்பவளும் நான்தானே,
அந்த நானே மூடிக்கொள்ளட்டும் என்றேன்.
சிரிக்கவில்லை.
அடுத்த செவ்வாய் கம்பளித் தொப்பியோடு வந்தான்,
அந்த வெயிலில்.

அந்த வியாழன் ஏ.சி. புதிது.
எல்லாருக்கும் பெருமை, ஆட்டுத்தோலுக்குத் தவிர.
மூன்றாம் பதிவில் ஃபண்டே தொய்ந்து
நனைந்த அட்டையைத் தட்டியதுபோல ஆயிற்று.
"தோல் தீயைக் கேட்கிறது" என்று
கொல்லைப்பக்கம் போனான்.
நேற்றைய செய்தித்தாள், இரண்டு தேங்காய் மட்டை.
முரசைப் பிள்ளைபோலத் திருப்பித் திருப்பிக் காட்டினான்,
உதடு அசைந்துகொண்டிருந்தது.
மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடும் இடத்தில்
ஒருவன் ஜெபிப்பதை நெம்பார்ட் பார்த்தார்,
கடிகாரத்தையும் பார்த்தார்.
"அவன் வருமுன் ஒன்று எடுத்துவிடலாம். டேப் ஓடட்டும்."

புகையை வேறு யாரோவும் பார்த்திருக்கிறார்கள்.

ஜீப் வந்தது எங்களுக்குக் கேட்கவில்லை.
முட்டை அட்டை ஒட்டிய சுவர்.
உள்ளே இருப்பது வெளியே போகாது,
வெளியே நடப்பது உள்ளே வராது,
அதற்குத்தானே அத்தனை முட்டை.
பாபிலோன் விழும், விழும் என்று
நாங்கள் மூன்று பேர் பாடிக்கொண்டிருந்தோம்
சுருதி பிசகாமல்.

வெளியே வந்தபோது
கருகிய மட்டை. தொப்பி.
கத்தி படாத தலையின் பதினோரு வருஷச் சடை
கப்பல் போனபின் துறையில் கிடக்கும்
கயிறுகள்போல.
ஃபண்டே தீயருகே நின்றது.
விரலால் சுண்டினேன்:
ணங்.
அவன் கேட்ட சுருதி.
சடையைத் தொப்பிக்குள் அள்ளினேன்.
இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது.

பையிலிருந்த இலைக்குப் பதினெட்டு மாதம்.
நான்காம் பதிவையே நெம்பார்ட் தட்டில் போட்டார்,
அதில்தான் எல்லாம் கூடி வந்திருந்தது என்றார்.
லண்டனில் ஒருவன் எழுதினானாம்,
தட்டு விழவேண்டிய இடத்தை
இப்படி வெறுமையாக விட
எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று.
அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் சுவரில் இருக்கிறது,
சட்டம் போட்டு.

விடுதலையான சனிக்கிழமை
தெருமுனையில் ஆளுயர ஒலிப்பெட்டிகள்.
எங்கள் பாட்டு.
ஒபதியா பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தான்,
ஆடுகிறவர்கள் பார்க்காத பக்கம்.
தலையில் இரண்டு அங்குலம் முளைத்திருந்தது.
தொப்பியைக் கொடுத்தேன், உள்ளே இருந்ததோடு.
மூன்றரை டாலரும் கொடுத்தேன்:
நானும் நானும் என்றால் ஆளுக்குப் பாதி.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டான்.

அவன் விரல்கள் தொடையில்
அந்த வெறும் இடங்களில் மட்டும்
இரண்டிரண்டாக விழுந்தன.
பாட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை.

பிறகு,
"கொஞ்சம் வேகமாகப் பாடிவிட்டீர்கள்
நீங்கள்" என்றான்.

நீங்கள் என்றான்.