ஐந்தைந்தாக

நீலத் தட்டில் மாத்திரைகளை
ஐந்தைந்தாகத் தள்ளுகிறேன்.
ஐந்து, பத்து, பதினைந்து.
உதடு அசையாமல், அரபியில்.
முப்பது வந்ததும் தட்டைப்
பிரியானா பக்கம் நகர்த்துவேன்.
அவளுக்கு இருபத்தாறு வயது.
அவள் பார்த்த பிறகுதான்
என் முப்பது முப்பது.

அஸ்யூத்தில் என் கடையின் பச்சை விளக்கு
பதினொரு வருடம் எரிந்தது.
கதவில் டாக்டர் டெமியானா ஃபஹீம்.
ஜெர்சி சிட்டியில் சட்டையில் குத்திய அட்டை
டெமி என்கிறது.
அதற்குக் கீழே சின்ன எழுத்தில், உதவியாளர்.

பாரசிட்டமாலும் என்னைப் போலத்தான்.
கடல் தாண்டியதும் அசிட்டமினோஃபென் ஆகிவிட்டது.
சால்பியூட்டமால் இங்கே அல்பியூட்டரால்,
அட்ரினலின் எபிநெஃப்ரின்.
ஆனால் அவற்றை யாரும்
நாற்காலியில் உட்காரவைத்து
இருநூறு கேள்வி கேட்கவில்லை.
உறையின் வாய்மேல் முத்திரை இல்லையென்று
இரண்டு தடவை திருப்பி அனுப்பவுமில்லை.
(மூன்றாம் தடவை என் தம்பி நேரில் போய் நின்றான்.
குமாஸ்தா அழுத்திய அழுத்தில்
உறையே கிழிந்தது.)

மருந்தியலுக்கு நான் பயப்படவில்லை.
எந்த ஊரில் வைத்துத் திறந்தாலும்
சிறுநீரகம் சிறுநீரகம்தான்.
பயமெல்லாம் மெடிகேருக்கு.
ஏ, பி, சி, டி என்று நாலு பகுதி.
எது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு, எது மாத்திரைக்கு,
எது வரைக்கும் கிழவர் தன் கையால் கட்டவேண்டும்.
வியாதிக்குக்கூட இத்தனை வகை இல்லையே என்றேன்.
வகீஹ் சிரிக்கவில்லை.
இரவு வேலைக்கு வண்டிச் சாவி தேடிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு இடைவேளை அரைமணி.
காருக்குள் படிக்கிறேன். ஜனவரி.
என் மூச்சே கண்ணாடியை மூடிவிடுகிறது.
அதன்மேல் விரலால்
பெனிசிலினின் நாற்கோண வளையம் வரைந்தேன்.
ஒரு மூலையிலிருந்து துளி இறங்கி
வளையத்தைத் திறந்துவிட்டுப் போனது.
புத்தகத்திலும் அப்படித்தான்,
தண்ணீர் திறக்கும்.

செவ்வாய்க்கிழமை பிலார்ஸ்கி வந்தார்,
மாதாமாதம் வார்ஃபரின் வாங்குகிறவர்.
கூடையில் இருமல் மிட்டாய்,
ஒரு பெட்டி ஐபுப்ரோஃபென்.
முழங்கால் உயிரை எடுக்குது,
இதைப் போட்டுக்கலாம்தானே?

பதில் என் நாக்கில் எழுந்து நின்றது.
ரத்தம். வயிறு.
மலம் கறுப்பாகப் போனால் உடனே வாருங்கள்.
டோஃபல்காரன் கேட்டிருந்தால்
முழு மதிப்பெண் போட்டிருப்பான்.
ஒரு நிமிடம், மருந்தாளுநர் வந்து பேசுவார்,
என்றேன்.

மருந்தாளுநர் தொலைபேசியில்,
காப்பீட்டுக் கம்பெனியின் காத்திருப்பு இசைக்குள்
மாட்டிக்கொண்டிருந்தாள்.
அவர் கடிகாரம் பார்த்தார். பஸ்.
கசங்கிய இருபது டாலரை நீட்டினார்.

பட்டைக்கோட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு
ஸ்கேனர் படிக்கவில்லை என்றேன்.
மன்னிக்கவும், பழைய இயந்திரம்.
மறுபடி வைத்தேன்.
துடைத்துவிட்டு மறுபடி.
ஐந்து, பத்து, பதினைந்து
என்று உள்ளே எண்ணிக்கொண்டே.
நூற்றைந்தில் பிரியானா போனை வைத்தாள்.

அவள் சொன்னாள். வயிறு, ரத்தம், கறுப்பு.
என் வரிசையில் இல்லை, ஆனால் சரியாக.
முழங்காலுக்கு அசிட்டமினோஃபென் எடுத்துக் கொடுத்தாள்,
அளவும் சொன்னாள்.
பிலார்ஸ்கி அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு
அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.

ஸ்கேனரைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.
பழுதா?
இப்போது சரியாகிவிட்டது.
என் கட்டைவிரலை ஒரு கணம் பார்த்தாளோ, தெரியாது.

இரவு, சமையலறை மேசையில் மாதிரித்தாள்.
நூற்றுநாற்பத்திரண்டாம் கேள்வி, தொழில் நெறி:
பதில் தெரிந்தும் உரிமம் இல்லாத உதவியாளர்
என்ன செய்யவேண்டும்?
நாலு விடைகள்.
நாலிலும் ஸ்கேனர் இல்லை.
மருந்தாளுநரை அழைக்கவும் என்பதை வட்டமிட்டேன்.
சரிதான், பின்பக்கத்தில் பார்த்துவிட்டேன்.

அடுத்தது சிறுநீரகம்.