கேம்பர்

அண்ணன் ஜெத்தாவுக்குத் திரும்பிய இரவு
பெட்டியில் இடமில்லை என்று
அந்தக் கருப்பு மெஷினை விட்டுப்போனான்.
"தூசி படாமப் பாத்துக்க."
தூசி படவே இல்லை.

இஷா முடிந்து, சட்டி கழுவி,
பிள்ளைகள் உறங்கியபின்
நானும் ஜுவைரியா மதினியும்
சத்தத்தைக் குறைத்துவைத்து
டயர் கருக்குகிறோம்.

முதலில் எல்லாரையும் போலத்தான் நாங்களும்.
எண்ணூறு குதிரை, சிவப்பு,
நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி.
வளைவில் அது சரிய மறுத்தது.
நிக்காஹ் வீட்டில் சம்பந்தியைப் போல
மரியாதையாகத் திரும்பி
மரியாதையாகப் போனது.
விற்றுவிட்டோம்.

அடுத்தது பின்னால் மட்டும் உதைப்பது.
ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும்,
தலை சுற்றி வேலிக்குள் விழும்.
"வண்டிக்குக் கோவம் அதிகம்,
குதிரைய நானூறாக்கு" என்றாள் மதினி.
ஆக்கினோம். அப்போதும் வேலிதான்.

கடைசியில் கிடைத்தது
தொண்ணூற்றாறு மாடல், நாலு கதவு,
யாரும் சீந்தாத சாம்பல் நிறம்,
கேம் காசில் பதினெட்டாயிரம்.
ஒல்லியாய் நீளமாய் இருந்ததால்
முரல் என்று கூப்பிட்டோம்.

பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
முரலின் ஜாதகம் இருக்கிறது:
டிஃப்ரன்ஷியல் நூற்றுக்கு நூறு பூட்டு,
பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகவே சுழலட்டும்.
ஸ்டீயரிங் கோணம் போகுமட்டும்.
மூன்றாம் கியரை நீட்டு,
வளைவு முடியும்வரை மாற்றவே கூடாது.
கீழே, 'வியாழன் பால் வரலை.'
முன் கேம்பர்,
அங்கேதான் சண்டை.

சக்கரத்தின் தலை உள்ளே சாயவேண்டும், சரி.
எவ்வளவு?
நான் மைனஸ் நாலு என்பேன்.
அவள் ஐந்தரை.
இந்த ஒன்றரை டிகிரிக்காக
மூன்று நாள் பேசவில்லை.
உம்மா பயந்துபோய்
"நகை விஷயமா?" என்று கேட்டாள்.

நாலு என்றே எழுதினேன்.
மதினி அழித்து எழுதவில்லை,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள்.

முரல் சரிகிறபோது
முன்கண்ணாடியில் வேலிதான் தெரியும்.
போகிற பாதை
பக்கத்து ஜன்னலில் இருக்கும்.
அதைப் பார்த்தபடி, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து,
காலை எடுக்காமல்,
அவ்வளவுதான். அவ்வளவுக்கு ஆறு மாதம் ஆயிற்று.
அதற்குள் உப்புக்காற்று
மெஷினின் விசிறியைப் பாதி தின்றுவிட்டது.

புள்ளியெல்லாம் அண்ணன் பேரில் ஏறுகிறது.
அவனோடு வேலை பார்க்கும் ஒருத்தன்
செட்டிங் கேட்டு நச்சரித்தானாம்.
போனில் கொஞ்சநேரம் மூச்சுதான் கேட்டது.
பிறகு சொன்னான்:
"தரமுடியாதுன்னுட்டேன்."
அந்த வாரம்தான் எனக்கு அவனை
ரொம்பப் பிடித்தது.

போன வெள்ளிக்கிழமை
மாமி வீட்டுக்கு, வாலிநோக்கத்துக்கு,
அவனுடைய ஸ்விப்டை எடுத்தேன்.
முன்சக்கரம் இழுக்கும் வண்டி,
டிரிப்டுக்கு ஆகாது என்று
இருவருக்குமே தெரியும்.
மதினியின் மடியில் முப்பது முட்டைத் தட்டு.

உடைமரம் முடிந்து உப்பளம் தொடங்கும் திருப்பத்தில்
காற்று அள்ளிப்போட்ட மணல்
தார் மேல் விரிந்துகிடந்தது.
பார்த்தபோது அதன் மேலே இருந்தோம்.
பின்பக்கம் லேசாகக் கழன்று
கடலைப் பார்க்கப் புறப்பட்டது.

நான் யோசிக்கவில்லை.
கை எதிர்ப்பக்கம் போயிருந்தது,
கால் எடுபடவில்லை,
கண் பக்கத்து ஜன்னலில்.
உப்புக் குவியல்கள் வெள்ளையாய்
ஒன்று, இரண்டு, மூன்று
குறுக்கே நகர்ந்தன.
முன்சக்கரம் தார் பிடித்து
இழுத்து நேராக்கியது.

எதிரே வந்த உப்பு லாரிக்காரர்
ஹாரன் அடிக்கவும் மறந்து போனார்.
என் தொடை நடுங்கியது, ஏர்வாடி போர்டு அளவு பெரிதாய்
ஏதோ சொல்லவேண்டும் போலிருந்தது.

மதினி தட்டைத் தூக்கி
அடியில் தடவிப் பார்த்தாள்.
ஒன்றும் உடையவில்லை.
முக்காட்டைச் சரிசெய்துகொண்டு
ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:
"அஞ்சரை வச்சிருக்கணும்."