சீட்டு இல்லாத மூவாயிரம்

ஐயா, உங்க படிவம் கிடைச்சுது.
கல்வி, இளைஞர், இயற்கைன்னு
மூணு பத்தி கோடு போட்டிருக்கு.
எங்க பணம் அப்படிப் பிரிஞ்சு போகல.

இருபத்திரண்டாயிரத்து ஐநூறு.
பாளையங்கோட்டையில் காசோலை வாங்கின அன்னைக்கு
பஸ் நெரிசலில் மடங்கிறக் கூடாதுன்னு
ஜெபக்கனி அதை வேதப்புத்தகத்துக்குள்ள வச்சுக் கொண்டுவந்தா.
எந்த அதிகாரத்தில் வச்சேன்னு தெரியாம
ராத்திரி முழுக்கப் புரட்டினோம்.

தொலைநோக்கி ஒண்ணு, ஆறாயிரத்து நானூறு. பில் இருக்கு.
சாயங்கால வகுப்புக்கு ரெண்டு பல்பு, ஒரு பெஞ்சு,
கணக்கு சாருக்கு பெட்ரோல். பில் இருக்கு,
மழையில் நனைஞ்ச ஒண்ணைத் தவிர.

செர்மத்துரை வகுப்புக்காக வரலை.
பத்தாவதில் கணக்கு ரெண்டு தடவை போச்சு,
செங்கல் லாரியில் ஏறிட்டான்.
தொலைநோக்கியைத் தொட்டுப் பார்க்க வந்தவன்
கரையில் உட்கார்ந்துட்டான்.
ஆயிரம் நாரையை எப்படி எண்ணன்னு எல்லாரும் முழிக்க,
நான் பீடி கட்டுறதைப் பார்த்துக்கிட்டே இருந்தவன் சொன்னான்:
இருபத்தஞ்சைக் கண்ணால ஒரு கட்டாக் கட்டு, அக்கா,
அந்தக் கட்டைத் தூக்கி அடுத்ததுமேல வை.
அன்னைக்கு நாற்பத்தி மூணு கட்டு, உதிரி ஒன்பது.
பெருக்கிச் சொன்னதும் அவன்தான்.
இதை எந்தப் பத்தியில் போட?

இப்ப அந்த மூவாயிரத்துக்கு வாரேன்.

பிசானம் அறுத்தாச்சு. பங்குனி வெயில்.
மீன் குத்தகை வெள்ளப்பாண்டி
ஷட்டர் கைப்பிடியோட மடைக்கு வந்துட்டார்.
குளத்துக்குள்ள நிக்கிற கருவேல மரத்தில்
அறுபத்தோரு கூட்டில் குஞ்சு. றெக்கை முளைக்கலை.
தண்ணி இறங்கினா மரத்தடிக்கு நாய் நடந்து போகும்.

நாங்க நோட்டை நீட்டினோம்.
அவரும் ஒரு நோட்டை நீட்டினார்.
வலைக்கு, ஐஸ்பெட்டிக்கு வாங்கின கடன்,
ஒரு நாளைக்கு வட்டி நூத்தம்பது.
எங்க எழுத்தைவிட அவர் எழுத்து சுத்தம்.
குஞ்சு பறக்க எத்தனை நாள்னு கேட்டார்.
பத்தொன்பதுன்னு செர்மத்துரை சொன்னான், அடிச்சுச் சொன்னான்.
ரெண்டாயிரத்து எண்ணூத்தி அம்பது.
போக வர பெட்ரோலுக்கு நூத்தம்பது.

ரசீது கேட்டேன் ஐயா, கேக்காம இல்லை.
‘மடையைத் திறந்தா பில்லு போடலாம் தாயி.
திறக்காம இருந்ததுக்கு
எந்த ஊர்ல பில்லு அடிக்காவ?’

வவுச்சர் இல்லாத செலவுன்னு
நீங்க சிவப்பு மையில் வட்டம் போட்டது சரிதான்.
சங்கத்தில் பதினோரு பேர், பிரிச்சுக் கட்டிருவோம்.
என் பங்குக்கு ஆயிரம் பீடி கூடச் சுத்துனாப் போதும்,
இலை நல்லதா விழுந்தா.

ஆனா ஒரு சந்தேகம்.
பத்தொன்பதாம் நாள் சாயங்காலம்
வடக்கு மரத்தில் ரெண்டு குஞ்சு மிச்சம்.
விளிம்பில் நிக்கி, றெக்கையை விரிக்கி,
பயந்து மறுபடி உட்காருது.
செர்மத்துரை கணக்கு தப்பிட்டுது,
அவன் மூஞ்சியைப் பார்க்க முடியலை.

மறுநாள் விடியுமுன்னே வெள்ளப்பாண்டி வந்தார்,
கைப்பிடியைத் துண்டில் சுத்தி எடுத்துக்கிட்டு.
தொலைநோக்கியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்,
முதல்ல தலைகீழா, பிறகு சரியா.
‘என்னலே இது, எம்மவன் கிணத்துமேட்டுல நின்ன மாதிரில்லா நிக்கி’ன்னார்.
துண்டை விரிச்சு மடைக்கல்லில் படுத்தார்.
மத்தியானம் ஒண்ணு போச்சு.
பொழுதடைய மத்தது.
அதுக்கப்புறம்தான் கைப்பிடியை மாட்டினார்.

அந்த இருபதாம் நாள் வட்டி நூத்தம்பது
அவர் கைக்காசு.
உங்க படிவம் ரெண்டாம் பக்கம், கீழே,
‘உள்ளூர்ப் பங்களிப்பு’ன்னு ஒரு கட்டம் காலியாக் கிடக்கு.
அதில் எழுதலாமான்னு அவர்கிட்டயே கேட்டேன்.
பேரைப் போட்டுராதம்மா,
மத்தக் குளத்துக்காரங்களும் வந்து நிப்பாங்கன்னார்.

எழுதிட்டேன்.
கூடாதுன்னா நீங்க அடிச்சிருங்க.

கையிருப்பு நாற்பத்தாறு ரூபாய் ஐம்பது காசு.

இப்படிக்கு,
பொருளாளர் மு. ஆவுடைத்தங்கம்